கூரை, அடுப்பு, கடமை

மனிதனுக்கு இன்றியமையாதவை உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் என்பர். இவற்றுள் முதலிரண்டும் தனியொருவனுக்கு உரியவை. ஒருவன் உண்ட சோறு மற்றொருவனின் பசியைத் தணிப்பதில்லை. ஒருவன் உடுத்திய ஆடை அதே வேளையில் மற்றொருவனின் மானத்தைக் காப்பதில்லை. உறையுள் அத்தகையதன்று. ஒரே கூரை ஒருவனுக்கும் நிழல் தரும். ஒன்பது பேருக்கும் நிழல் தரும். பகிர்ந்தாலும் குறையாதது போல் தோன்றுவது உறையுள் ஒன்றே. இந்தத் தோற்றத்திலிருந்துதான் ஈண்டு ஆராயப்படும் சிக்கல் பிறக்கிறது.

வாடகை கொடுக்க இயலாத வறியவர்க்கு அரசு உதவ வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் மிகச் சிலரே. ஆனால், அவ்வுதவியைப் பெறத் தகுதி உடையவர் யார் என்னும் வினா எளிதில் தீர்வதாக இல்லை. உதவி நாடி வருபவரிடம் அரசு பொதுவாக மூன்று வினாக்களைக் கேட்கிறது. வருமானம் எவ்வளவு? சொந்த வீடு உண்டா? உடன் வாழ்பவர் யார்? முதலிரு வினாக்களுக்கு ஊதியச் சீட்டும் பதிவேடும் விடை கூறிவிடும். மூன்றாவது வினா அப்படிப்பட்டதன்று. அது கணக்கு வினாவைப் போலத் தோன்றும் அற வினா.

தாயும் மகனும் ஒரு வீட்டில் வாழ்ந்தால் விடை கூறுவதில் இடரில்லை. முன்பின் அறியாத இருவர், தனித்தனியே வாடகை கொடுக்க வலுவில்லாமல், ஓர் அறையைப் பகிர்ந்து வாழ்கின்றனர் எனின் என் செய்வது? ஒருவரின் ஊதியம் மற்றவரின் ஊதியம் ஆகுமா? ஒருவரின் வறுமை மற்றவரின் வரவால் நீங்கிவிட்டதாகக் கொள்ளலாமா? ஒரே கதவைத் திறந்து உள்ளே செல்லும் காரணத்தால் இருவர் ஒரு குடும்பம் ஆகிவிடுவார்களா? இவ்வினாவுக்குப் பல நாடுகள் பல காலங்களில் வெவ்வேறு விடைகளைக் கூறியுள்ளன. அவ்விடைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், மூன்று அளவுகோல்கள் புலப்படுகின்றன. ஒன்று கூரை, மற்றொன்று அடுப்பு, மூன்றாவது கடமை.

கூரை என்னும் அளவுகோல்

உடன் வாழ்பவரைப் பற்றி அரசு கேட்பது கொடுமையால் அன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்து வாழ்வதில் சிக்கனம் உண்டு. இருவருக்கு இரண்டு விளக்குகள் வேண்டியதில்லை. இரண்டு குளிர்பதனப் பெட்டிகளும் வேண்டியதில்லை. தனித்து வாழும் ஒருவருக்கு ஆகும் செலவின் இருமடங்கு, சேர்ந்து வாழும் இருவருக்கு ஆவதில்லை. மேலும், அரசின் கருவூலம் வற்றாத ஊற்றன்று. ஒருவருக்குத் தேவைக்கு மேல் கொடுத்தால், அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவருக்கு இல்லாமற் போகும். நன்றாகப் பொருள் ஈட்டும் மகனோடு வாழும் தந்தை, தமக்கென ஒரு காசும் இல்லை என்று கூறி உதவி பெறுவாராயின், அவ்வுதவி உண்மையில் யாரைச் சென்று சேர்கிறது? ஆகவே, ஒரே கூரையின் கீழ் வாழ்வோரை ஓர் அலகாகக் கொள்வது எளியதாகவும் நேரியதாகவும் தோன்றுகிறது.

இக்கருத்தை அதன் எல்லை வரை கொண்டு சென்று பார்த்த நாடு பிரிட்டன். உலகப் பொருளாதார மந்தம் அந்நாட்டை வாட்டிக் கொண்டிருந்த 1931-ஆம் ஆண்டில், வேலையிழந்தோருக்கான உதவித்தொகையில் ஒரு கடுமையான வசதிச் சோதனை புகுத்தப்பட்டது. காப்பீட்டின்படி பெற வேண்டியதைப் பெற்று முடித்த பின்னும் வேலை கிடைக்காத ஒருவர், மேலும் உதவி வேண்டினால், அவருடைய வருமானத்தை மட்டுமன்றி அவர் வீட்டில் வாழ்ந்த அனைவரின் வருமானத்தையும் அதிகாரிகள் கணக்கிட்டனர். மகளின் கூலி, மகனின் ஊதியம், முதிய தந்தையின் ஓய்வுத்தொகை எல்லாம் ஒரே பையில் இருப்பதாகக் கருதப்பட்டன. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து தட்டுமுட்டுப் பொருள்களையும் நோட்டமிட்டனர்.

விளைவு என்ன? குடும்பங்கள் ஒன்றுபட்டுத் தாங்கிக் கொள்ளும் என்று சட்டம் எதிர்பார்த்தது. நடந்ததோ வேறு. தம் கூலியால் தந்தையின் உதவித்தொகை குறைவதைக் கண்ட பிள்ளைகள் பலர் வீட்டை விட்டு வெளியேறி வேறிடத்தில் அறை எடுத்தனர். மக்களோடு வாழ்ந்திருக்க வேண்டிய முதியவர்கள் அயலார் வீடுகளில் வாடகைக்குக் குடியிருந்தனர். இச்சோதனை குடும்பங்களைப் பிளக்கிறது என்று எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1937-இல் வெளிவந்த தம் நூலில் சுட்டிக் காட்டினார். இறுதியில் 1941-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வீட்டார் அனைவரின் வருவாயையும் ஒன்றாகச் சேர்க்கும் அந்த முறையைக் கைவிட்டது. பத்து ஆண்டுக் காலத்தில் அந்நாடு விலை கொடுத்துக் கற்ற பாடம் இதுதான்: சேர்ந்து வாழ்வதற்குத் தண்டம் விதித்தால், மனிதர் பிரிந்து வாழக் கற்றுக் கொள்வர்.

கூரையை மட்டும் எண்ணும் அளவுகோல் இரத்த உறவுடையவர்களையே இவ்வாறு பிரித்தது எனின், உறவே இல்லாத இருவரை அது எப்படி அளக்கும்?

அடுப்பு என்னும் அளவுகோல்

இவ்விடத்தில் தமிழ் வழக்கு ஒன்றை நினைத்துப் பார்ப்பது பயன் தரும். ஒரே வீட்டைப் பல குடும்பங்கள் பகுத்துக் கொண்டு, கிணற்றையும் முற்றத்தையும் பொதுவில் வைத்து வாழும் முறைக்கு ‘ஒண்டுக்குடித்தனம்’ என்று பெயர். அச்சொல்லை உற்று நோக்க வேண்டும். வீடு ஒன்றாக இருந்தாலும், குடித்தனங்கள் பல என்பதை அச்சொல் ஒப்புக்கொள்கிறது. வாசல் ஒன்று, உலை பல. கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்த மகனைப் பற்றி ஊரார் பேசும்போதும், அவன் வேறு வீட்டுக்குச் சென்றானா என்பதை முதலில் கேட்பதில்லை. அடுப்பு வேறாகிவிட்டதா என்றே கேட்பர். ஒரே வீட்டில் இருந்தும் தனியே உலை வைப்பவன் தனிக் குடித்தனக்காரனே. மலாயாத் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்கும் இவ்வேறுபாடு நன்கு தெரியும். நீண்ட ஒரே கூரையின் கீழ், சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்ந்த அவர்களை எவரும் ஒரே குடும்பம் என்று கருதியதில்லை.

மக்களின் இவ்வழக்கை அரசுக் கணக்குகளும் ஏற்றுக் கொண்டதுண்டு. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘குடும்பம்’ என்பது, சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலறையில் சமைத்த உணவை உண்போரைக் குறிக்கும். அங்குக் கூரையைக் காட்டிலும் அடுப்பே முதன்மை பெறுகிறது. இது கூரையை எண்ணுவதினும் நுட்பமான அளவுகோல் என்பதில் ஐயமில்லை. ஒரு வீட்டில் மூன்று அடுப்புகள் எரிந்தால், மூன்று பணப்பைகள் இருக்கின்றன என்று கொள்வதில் பெரும்பாலும் தவறில்லை.

எனினும், அடுப்பும் எல்லா வேளையிலும் உண்மை கூறுவதில்லை. ஏழைகள் சேர்ந்து சமைப்பது உறவால் மட்டும் அன்று. விறகையும் அரிசியையும் மிச்சப்படுத்தும் பொருட்டும் சேர்ந்து சமைக்கின்றனர். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதனைத் தெளிவாக்கும். அங்கு வறியோர்க்கு உணவு வாங்குவதற்கான உதவி, 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டு வந்தது. 1971-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஒரு வீட்டில் வாழ்வோர் அனைவரும் ஒருவருக்கொருவர் உறவினராக இருந்தால்தான் அவ்வீட்டாருக்கு உதவி உண்டு. உறவில்லாத ஒருவர் இருந்தாலும் அவ்வீட்டார் எவருக்கும் உதவி இல்லை என்று அத்திருத்தம் கூறியது.

நீரிழிவு நோயால் வருந்திய மொரேனோ என்னும் முதிய பெண்மணி, மூன்று பிள்ளைகளையுடைய மற்றொரு பெண்மணியின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் வாழ்ந்து செலவைப் பகிர்ந்து கொண்டார். அக்குடும்பத்தார் அவருடைய உடல்நலத்தையும் பேணினர். இருவரும் அரசு உதவித்தொகையை நம்பி வாழ்ந்தவர்கள். தனித்து வாழ்ந்திருந்தால் இருவருக்கும் உணவு உதவி உண்டு. சேர்ந்து வாழ்ந்ததனால் இருவருக்கும் இல்லை. நோயுற்ற மூதாட்டிக்கு இடமளித்த தாயும் அவருடைய பிள்ளைகளும், அந்த நற்செயலுக்காகவே உணவை இழக்கும் நிலை ஏற்பட்டது.

வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1973-ஆம் ஆண்டில், ஒன்பது நீதிபதிகளுள் எழுவர் அத்திருத்தம் செல்லாது எனத் தீர்ப்பளித்தனர். கூட்டாக வாழ்ந்த ‘ஹிப்பி’ இளைஞர்களை விலக்குவதே அத்திருத்தத்தின் உள்நோக்கம் என்பது சட்டமன்றப் பதிவுகளிலிருந்து தெரிந்தது. மக்களுள் ஒரு சாராரைப் பிடிக்காமை சட்டத்திற்கு அடிப்படை ஆகாது என்று நீதிமன்றம் கூறியது. மேலும் ஒரு நுட்பத்தையும் அது எடுத்துக் காட்டியது. ஏமாற்ற விரும்புபவன் எளிதாகத் தன் வாழ்விடத்தை மாற்றிக் கொண்டு சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிவிடுவான். மாறிச் செல்லவும் வழியற்ற பரம ஏழையே அதில் சிக்குவான். வஞ்சகனைப் பிடிக்க விரித்த வலையில் வறியவன் மட்டும் அகப்படுவானாயின், அவ்வலையைப் பின்னியவர் தம் கைத்தொழிலை மீண்டும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓரறையில் இருவர்

இனி நம் கண்முன் உள்ள சிங்கப்பூருக்கு வருவோம். வீட்டுப் பிரச்சினையை இந்நாடு கையாண்ட வரலாறு பலராலும் போற்றப்படுவது. 1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு மே 25-ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஆயிரக்கணக்கானோரின் குடிசைகளை அழித்தது. வீடிழந்தோர்க்கு விரைந்து வீடுகள் எழுப்பப்பட்டன. அவற்றுள் ஓரறை வீடுகளும் இருந்தன. 1964-இல் வீட்டு உரிமைத் திட்டம் தொடங்கியது. 1968 முதல் மத்திய சேம நிதிப் பணத்தைக் கொண்டு வீடு வாங்கும் வழி பிறந்தது. மக்களுள் பெரும்பாலோர் சொந்த வீட்டுக்காரர் ஆயினர். சொந்த வீடு வாங்க இயலாத சிலருக்காக மட்டும் வாடகை வீடுகள் ஒதுக்கப்பட்டன.

இத்திட்டம் முழுவதும் குடும்பத்தை அடித்தளமாகக் கொண்டது. குடும்பம் இல்லாத ஏழை என் செய்வார்? மணமாகாதவர், மணமுறிவு பெற்றவர், துணையை இழந்து பிள்ளையும் இல்லாதவர் ஆகியோருக்கு ஒரு வழி வகுக்கப்பட்டது. பொதுவாக முப்பத்தைந்து அகவை நிரம்பிய ஒற்றையர் இருவர் கூட்டாக விண்ணப்பித்தால், ஓரறை வாடகை வீடு ஒன்றைப் பெறலாம். நண்பராக இருக்கலாம், முன்பின் அறியாதவராகவும் இருக்கலாம். அவ்வீட்டில் சமையலுக்கும் குளியலுக்கும் இடம் உண்டு. மற்றபடி கூடமும் படுக்கையறையும் ஒன்றே. இரண்டு கட்டில்களை இட்டால், இடையே நடக்க வழி இருக்கும், அவ்வளவே.

இத்திட்டத்தால் பயன்பெற்றோர் பலர் என்பதை மறைத்தல் ஆகாது. வெளியில் ஓர் அறைக்குக் கொடுக்க வேண்டிய வாடகையோடு ஒப்பிட்டால், அரசு வாங்கும் வாடகை மிகச் சிறியது. முதன்முறை விண்ணப்பிப்போருக்குப் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருந்து வந்த அட்டவணைப்படி, மாத வருமானம் 800 வெள்ளிக்கு மேற்படாத வீட்டாருக்கு ஓரறை வீட்டின் வாடகை 26 முதல் 33 வெள்ளி. 801 முதல் 1,500 வெள்ளி வரை வருமானம் உடையோருக்கு 90 முதல் 123 வெள்ளி. வருமான வரம்பு 2003-ஆம் ஆண்டில் 800 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. சூழ்நிலைக்கேற்ப வரம்பை நெகிழ்த்துவதும் உண்டு என்று அதிகாரிகள் கூறி வந்துள்ளனர்.

ஆயினும், கணக்கின் உள்ளே ஓர் அற வினா ஒளிந்திருக்கிறது. மாதம் 500 வெள்ளி ஈட்டும் துப்புரவுத் தொழிலாளர் ஒருவரும், அதே அளவு ஈட்டும் இரவுக் காவலர் ஒருவரும் ஒரு வீட்டைப் பகிர்வதாகக் கொள்ளலாம். தனித்தனியே நோக்கினால் இருவரும் 800 வெள்ளிக்கு உட்பட்டவர்களே. கூட்டிப் பார்த்தால் ஆயிரம் வெள்ளி. உயர்ந்த படிநிலைக்குரிய வாடகை. இருவர் வறுமையும் சேர்ந்து ஒரு வசதியாக மாறிவிட்டதா? ஒருவர் கூடுதல் நேரம் உழைத்துச் சிறிது மிகுதியாக ஈட்டினால், அதனால் மற்றவரின் நிலையும் மாறும். இவர் உழைப்பு அவர் தகுதியை அசைக்கும். இவர் இறந்தாலோ, சண்டையிட்டுப் பிரிந்தாலோ, அவர் புதிய துணையைத் தேட வேண்டும். கணவன் மனைவியரிடையே இத்தகைய பிணைப்பு இயல்பானது. அதனை அவர்கள் விரும்பி ஏற்றனர். அயலார் இருவரிடையே அதனை உண்டாக்கியது விண்ணப்பத் தாள்.

வருமானக் கணக்கினும் பெரியது மனத்தின் கணக்கு. ஒருவர் பகலில் உறங்குபவர். மற்றவர் பகலில் வானொலி கேட்பவர். ஒருவர் புகை பிடிப்பவர். மற்றவர் மூச்சிழுப்பு நோயாளி. ஒருவர் பழைய பொருள்களைச் சேர்ப்பவர். மற்றவர் தூய்மை விரும்பி. குடும்பத்தில் இத்தகைய வேறுபாடுகளை அன்பு தாங்குகிறது. அன்பில்லாத இடத்தில் இவை நாளும் வளரும் பகையாகின்றன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வொன்று, நாடு முழுவதும் தெருவில் உறங்குவோர் 921 முதல் 1,050 பேர் வரை இருக்கலாம் என 2019-இல் மதிப்பிட்டது. அவர்களுள் சிலருக்கு வீடு இல்லாமலில்லை. வீட்டில் உடனுறைபவரோடும் உறவினரோடும் எழுந்த பூசல் அவர்களை வெளியே தள்ளியிருந்தது. கூரை இருந்தும் தெருவில் உறங்குபவர் நமக்கு உணர்த்துவது என்ன? உறையுள் என்பது மழைக்கு ஒதுங்கும் இடம் மட்டும் அன்று. மனம் ஒதுங்கவும் அதில் ஒரு மூலை வேண்டும்.

இதனை அரசும் உணர்ந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. சில வீடுகளில் இருவரின் படுக்கைகளுக்கும் இடையே தடுப்புகள் அமைக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு இறுதியில் தொடங்கிய முன்னோடித் திட்டம் ஒன்றின்படி, ஒற்றையர் தாமே துணையைத் தேடி அலையாமல் தனியே விண்ணப்பிக்கலாம். திட்டத்தை நடத்தும் சமூக அமைப்பு ஒத்துப்போகும் இருவரை இணைத்து வைக்கும். பூசல் எழுந்தால் தீர்த்தும் வைக்கும். 2023-இல், ஒருவருக்கு ஓர் அறை எனவும், சமையலறையும் குளியலறையும் பொது எனவும் அமைந்த மற்றொரு முன்னோடித் திட்டம் அறிவிக்கப்பட்டது. இம்மாற்றங்கள் சிறியவை போலத் தோன்றலாம். ஆனால், அவற்றின் உள்ளீடான கருத்து பெரிது. உதவி பெறுபவர் பாதி வீட்டுக்காரர் அல்லர். முழு மனிதர் என்னும் உண்மையை அவை ஏற்கின்றன.

பகிர்வும் திணிப்பும்

பகிர்ந்து வாழ்தல் நம் முன்னோர் போற்றிய அறமாயிற்றே, அதனை ஏழைகளிடம் எதிர்பார்ப்பது குற்றமா என்று வினவுவாரும் உண்டு. இவ்வினா தள்ளத் தக்கதன்று. திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். ஒப்புரவறிதல் இருபத்திரண்டாம் அதிகாரம். ஈகை இருபத்து மூன்றாம் அதிகாரம். மூன்றும் இல்லறவியலில் அடங்குகின்றன என்பதே ஈண்டுக் கருதத் தக்கது. பகிர்தலை வள்ளுவர் இல்லம் உடையவனின் அறமாக வைத்தார். தனக்கென ஓரிடம் பெற்றவன், அவ்விடத்தைப் பிறர்க்கும் திறந்து விடுகிறான். அவன் விரும்பினால் திறப்பான், விரும்பாவிடின் மூடுவான். அவ்வுரிமை இருப்பதால்தான் அவன் திறப்பது அறமாகிறது. தனக்கென ஒரு மூலையும் இல்லாதவனிடம் ‘பகிர்ந்து கொள்’ என்று கூறுவது அறவுரை ஆகாது. அது அவன் நிலையை எடுத்துக் கூறுவதே ஆகும்.

பிரிட்டனின் மற்றொரு விதியை இவ்விடத்தில் ஒப்புநோக்கலாம். தனியார் வீடுகளில் வாடகைக்கு இருக்கும் ஏழைகளுக்கு அந்நாடு வாடகை உதவி வழங்குகிறது. 1996-ஆம் ஆண்டு அக்டோபரில், இருபத்தைந்து அகவைக்குட்பட்ட ஒற்றையர்க்கு அவ்வுதவி, பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு ஆகும் வாடகை அளவோடு நிறுத்தப்பட்டது. 2012-ஆம் ஆண்டு சனவரியில் அவ்வரம்பு முப்பத்தைந்து அகவைக்கு உயர்த்தப்பட்டது. கடும் உடற்குறை உடையோர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. உண்மையில் பகிர்ந்து வாழ்கிறாரா என்பது அங்கு வினா அன்று. பகிர்ந்து வாழத் தக்க அகவை உடையவர் என்பதே போதும். தனி வீட்டில் இருந்தாலும் ஓரறைக்குரிய உதவியே கிட்டும்.

இவ்விதிக்கும் ஒரு நியாயம் கூறப்படுகிறது. அரசின் உதவி பெறாமல் தம் ஊதியத்தில் வாழும் இளைஞர்களும் செலவைக் கருதி வீட்டைப் பகிர்ந்துதான் வாழ்கின்றனர்; அவர்களுக்குக் கிட்டாத வசதியை அவர்கள் செலுத்தும் வரியிலிருந்து மற்றவர்க்கு அளிப்பது முறையா என்பது அந்நியாயம். இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், உழைத்து வாழும் இளைஞன் தன் உடனுறைவோனைத் தானே தேர்ந்து கொள்கிறான். பிடிக்கவில்லை எனின் அடுத்த மாதமே வேறிடம் பார்க்கிறான். வறியவனுக்கு அவ்வாய்ப்பு அரிது. இருவரும் ஒரே வகை அறையில் உறங்கலாம்; ஆனால், கதவைத் திறந்து வெளியேறும் ஆற்றல் இருவருக்கும் ஒன்றன்று. பகிர்வுக்கும் திணிப்புக்கும் இடையே உள்ள வேறுபாடு அந்தக் கதவில்தான் இருக்கிறது.

கடமை என்னும் அளவுகோல்

கூரை போதாது, அடுப்பும் போதாது. அப்படியாயின், ஒருவரின் வருமானத்தை மற்றவரின் கணக்கில் சேர்ப்பதற்கு எதுதான் அடிப்படை? இவரைக் காக்கும் கடமை அவருக்கு உண்டா என்னும் வினாவே அடிப்படை. கணவனுக்கு மனைவியையும் மனைவிக்குக் கணவனையும் காக்கும் கடமை உண்டு. பெற்றோருக்குச் சிறு பிள்ளைகளைக் காக்கும் கடமை உண்டு. வளர்ந்த மக்களுக்கு முதிய பெற்றோரைக் காக்கும் கடமை உண்டு. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றி, இக்கடமைக்குச் சட்ட வலிமையும் தந்தது. இக்கடமை ஒரே கூரையின் கீழ் வாழ்வதனால் உண்டாவதன்று. வேறு வீட்டில் வாழ்வதனால் நீங்குவதும் அன்று. அடுத்த ஊரில் வாழும் மகனுக்குத் தந்தையைக் காக்கும் கடமை உண்டு. அடுத்த கட்டிலில் உறங்கும் அயலாருக்கு அக்கடமை இல்லை. ஆதலின், மகனின் வருமானத்தைக் கேட்பது முறை. அயலாரின் வருமானத்தைக் கூட்டுவது முறையன்று.

கடமை என்னும் இவ்வளவுகோலிலும் ஓர் இடர் உண்டு. கடமை இருப்பது வேறு. அதனை நிறைவேற்றுவது வேறு. காக்க வேண்டிய மகன் காக்கவில்லை எனின், அவன் வருமானத்தைக் காட்டித் தந்தைக்கு உதவியை மறுப்பது நீதியாகுமா? தந்தையின் பசியைச் சட்டப் புத்தகம் தணிக்காது. தந்தையே ஒரு காலத்தில் மகனைக் கைவிட்டவராக இருப்பின், சிக்கல் மேலும் முறுகும். இத்தகைய நிலையில் முந்த வேண்டியது உதவி. பின்வர வேண்டியது வழக்கு. தந்தைக்கு அரசு இன்று இடம் கொடுக்கட்டும். மகனிடம் பெற வேண்டியதை அரசு நாளை பெறட்டும். வலிமை மிக்க அரசால் மகனைத் தேடிப் பிடிக்க இயலும். தளர்ந்த தந்தையால் இயலாது. சுமையைத் தாங்க வல்லவர் தோளில் வைப்பதே நீதி.

சேர்ந்து வாழ்வதில் உள்ள சிக்கனத்தை அரசு அடியோடு மறந்துவிட வேண்டும் என்பதும் இதன் பொருளன்று. வாடகையில் பாதியை மட்டும் கொடுப்பவருக்கு அப்பாதிக்கே உதவி வழங்கலாம். அது நேரிய கணக்கு. ஒருவர் உண்மையில் செலவிடுவதைக் குறைத்துக் கணக்கிடுவது வேறு. அவர் கைக்கு வராத பணத்தை வந்ததாகக் கணக்கிடுவது வேறு. முன்னது சிக்கனம், பின்னது கற்பனை. ஏழையின் கணக்கேட்டில் கற்பனை வரவை எழுதும் உரிமை எவருக்கும் இல்லை.

பெறுவோரின் அறம்

அறம் ஒரு பக்கம் மட்டும் உள்ள நாணயம் அன்று. உதவி கொடுப்போர்க்கு அறம் உள்ளது போல, பெறுவோர்க்கும் அறம் உண்டு. ஈட்டும் மகனை விண்ணப்பத்தில் மறைப்பவர், கணவனோடு வாழ்ந்து கொண்டே தனித்து வாழ்வதாக எழுதுபவர், தாம் பெற்ற வாடகை வீட்டை இரகசியமாகப் பிறருக்கு வாடகைக்கு விடுபவர் ஆகியோர் அரசை ஏமாற்றுவதாக எண்ணிக் கொள்கின்றனர். உண்மையில் அவர்கள் ஏமாற்றுவது வரிசையில் அடுத்து நிற்கும் ஏழையை. அவ்வேழைக்கு முகம் இல்லை, பெயர் தெரியாது, ஆதலின் அவருக்கு இழைக்கும் தீங்கு மனத்தை உறுத்துவதில்லை. ஒரு பொய் விண்ணப்பம் கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு முறையும், மெய்யான பத்து விண்ணப்பங்களின் மேல் ஐயத்தின் நிழல் விழுகிறது. விதிகள் இறுகுகின்றன, வினாக்கள் பெருகுகின்றன. பொய்யன் செய்த குற்றத்துக்கு மெய்யன் விடை கூற வேண்டியதாகிறது.

ஆகவே, இருவருக்கும் வேண்டியது உண்மையே. உடன் வாழ்பவர் யார் என்று கேட்கும் அரசு, அவர் இவருக்கு என்ன உறவு, இருவருக்கும் பணப்பை ஒன்றா இரண்டா, ஒருவரை ஒருவர் காக்கும் கடமை உண்டா என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்கப்படும் போது, விண்ணப்பிப்பவர் உள்ளதை உள்ளவாறு கூற வேண்டும். பொய் சொன்னால்தான் பிழைக்கலாம் என்னும் நிலையை உண்டாக்காத சட்டமும், உண்மை சொல்ல அஞ்சாத குடிமகனும் ஒருவரையொருவர் வளர்ப்பவர்கள்.

இது வளர்ந்தோருக்கு மட்டும் உரிய செய்தியன்று. பள்ளிகளிலும் தாள்கள் நிரப்பப்படுகின்றன. நிதி உதவி வேண்டும் மாணவன் தன் வீட்டார் எத்தனை பேர், அவர்கள் வருமானம் எவ்வளவு என்று எழுத வேண்டியிருக்கிறது. உறவினர் வீட்டின் ஒரு மூலையிலோ, அயலாரோடு பகிர்ந்த அறையிலோ தாயுடன் வாழும் மாணவன் அக்கட்டங்களின் முன் தயங்குவான். அம்மாமன் என் குடும்பமா? அடுத்த அறை அக்காவின் சம்பளத்தை நான் எழுத வேண்டுமா? அவன் தயங்குவதைக் கண்டு, பொய் எழுத முயல்கிறான் என ஆசிரியர் கருதிவிடலாகாது. நாடாளுமன்றங்களும் நீதிமன்றங்களும் பல்லாண்டு ஆராய்ந்த வினாவின் முன் அச்சிறுவன் தன் எழுதுகோலோடு அமர்ந்திருக்கிறான். அருகில் அமர்ந்து, ‘உன் அம்மாவின் செலவுக்குப் பணம் தருபவர் யார்? உங்களுக்கென உலை வைப்பவர் யார்?’ எனக் கனிவோடு கேட்கும் ஆசிரியர், அவனுக்கு விண்ணப்பம் நிரப்பக் கற்றுத் தருவதோடு நில்லாமல், உண்மையை எப்படித் தேடுவது என்பதையும் கற்றுத் தருகிறார்.

கூரையைக் கொத்தனார் கட்டுகிறார். அடுப்பைத் தேவை மூட்டுகிறது. குடும்பத்தை ஆக்குவதோ ஒருவரையொருவர் காப்போம் என ஏற்றுக்கொண்ட கடமை. அக்கடமை இல்லாத இடத்தில் அயலாரின் தோளில் ஏழையைச் சாய்த்துவிட்டு அரசு அகன்று விடுதல் முறையன்று. அத்தோள் தானும் சாய இடம் தேடி வந்த தோள்.